ஆறு பக்கம் இங்கிலீஷ், ஒரு கையெழுத்து

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டரிடம் போகலாம், வண்டி நின்றுவிட்டால் எந்த மெக்கானிக் ஏமாற்றமாட்டார், காதுகுத்துக்குச் சமைக்க யாரைக் கூப்பிடலாம்... இதையெல்லாம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்று சத்தமாகவே கேட்கலாம். கேட்டவருக்கு ஒருவர் பதில் சொன்னால், பக்கத்தில் நிற்பவர் அதைத் திருத்துவார். ஆனால், 'விவாகரத்துக்கு நல்ல வக்கீல் யாராவது தெரியுமா?' என்ற கேள்வியை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. குரலைத் தாழ்த்தி, நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் கேட்கிறார்கள். அவர் சொல்கிற முதல் பெயரே கடைசிப் பெயராகவும் ஆகிவிடுகிறது.

புடவை எடுக்கக்கூட நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், வாழ்க்கையையே எழுதிக் கொடுக்கப்போகிற ஒருவரை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் வக்கீல் கிடைத்தார். அவள் பெயர் இங்கே வேண்டாம். வயது முப்பத்தாறு. சொந்த ஊர் மயிலத்துக்கும் கூட்டேரிப்பட்டுக்கும் இடையில் ஒரு கிராமம். கல்யாணம் மயிலம் முருகன் கோயிலில் நடந்தது. கணவன் விழுப்புரத்தில் லோடு வண்டி ஓட்டுகிறான். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

ஏன் பிரிந்தார்கள் என்ற கதை இங்கே தேவையில்லை. இரண்டு வருஷமாக அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். பஞ்சாயத்து பேசியாயிற்று, பெரியவர்கள் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி சேர்ந்து வாழ்வதில்லை என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. சண்டைகூட ஓய்ந்துவிட்டது. மிச்சமிருந்தது காகிதம் மட்டும்தான்.

அந்தக் காகிதம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

'ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல்'

சென்னையில் வேலை பார்க்கும் அவள் தம்பி முதலில் போனில் தேடிப் பார்த்தான். 'குறைந்த கட்டணம், விரைவான விவாகரத்து' என்று வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றில் நட்சத்திரம் போட்டு மார்க்கூட இருந்தது. தம்பிக்கு அது பிடித்துப்போனது.

அவனுக்குத் தெரியாத ஒன்று உண்டு. நம் நாட்டில் வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது. இந்திய பார் கவுன்சில் விதி அப்படித்தான் சொல்கிறது. இணையதளங்கள் வக்கீல்களைப் பட்டியல் போட்டு, மதிப்பெண் கொடுத்து, விலை சொல்லி விற்பதை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே கண்டித்தது. இப்படி விளம்பரம் தேடும் வக்கீல்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்றும் உத்தரவிட்டது. வக்கீல் தொழில் வியாபாரம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆக, போனில் நட்சத்திரத்தோடு மின்னுகிற பெயர் நல்ல வக்கீல் என்பதற்கு அத்தாட்சி இல்லை. விதியை மீறி மின்னுகிறது என்றுகூட அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

தம்பி தேடிக்கொண்டிருக்கும்போதே கணவன் வீட்டுப் பக்கமிருந்து சொந்தக்காரர் ஒருவர் வந்தார். "எதுக்கு ஆளுக்கொரு வக்கீல்? ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறீங்க. ஒரே வக்கீல் போதும். அவனே செலவையும் பார்த்துக்கறானாம். நீ விழுப்புரம் வந்து கையெழுத்துப் போட்டாப் போதும்."

செலவில்லை என்றதும் அவள் அம்மாவுக்கு நிம்மதி. மாதம் பதினோராயிரம் சம்பளத்தில் வக்கீல் செலவு என்ற ஒன்றை நினைத்தே அந்த வீடு தூக்கமில்லாமல் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கடையில் லீவு சொல்லிவிட்டு விழுப்புரம் போனாள். திண்டிவனத்திலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். வக்கீல் அலுவலகத்தில் மனு தயாராக டைப் செய்யப்பட்டிருந்தது. ஆறு பக்கம். எல்லாமே இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பென்சிலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, அங்கே கையெழுத்துப் போடவேண்டும்.

"என்னன்னு எழுதியிருக்கு சார்?"

"வழக்கமா எழுதறதுதான்மா. ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரியறோம்னு."

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால், ஆறு பக்கத்தை ஒரு வரியில் சொன்னார். அவள் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், தமிழ் வழியில். கடையில் பில் போடும் அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். மனுவில் தன் பெயரும் கணவன் பெயரும் குழந்தைகளின் பெயரும் மட்டும் அவளுக்குப் புரிந்தன. எதனால் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நாளைக்குப் போட்டுடறேன் சார்" என்று சொல்லி அதன் நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

மகள் படித்த நான்காம் பத்தி

அன்று இரவு மகள்தான் அதைப் படித்தாள். தெரியாத வார்த்தைகளை போனில் போட்டு அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தாள். அப்பாவும் அம்மாவும் பிரிகிற காகிதத்தை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படித்துச் சொல்லவேண்டி வந்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

நான்காவது பத்தியில் பெண் நின்றுவிட்டாள். "அம்மா, நீ நகையெல்லாம் திருப்பி வாங்கிட்டியா?"

வாங்கவில்லை. கல்யாணத்துக்குப் போட்ட பன்னிரண்டு சவரனும் கணவன் வீட்டில்தான் இருந்தது, அதிலும் பாதி அடகில். ஆனால், நகை, பாத்திரம், சீர் எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டுவிட்டதாக மனுவில் எழுதியிருந்தது. அடுத்த பத்தியில் தனக்கோ குழந்தைகளுக்கோ ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம், பின்னாளிலும் கேட்கமாட்டேன் என்று இருந்தது. பென்சில் குறி போட்ட இடங்களில் அவள் கையெழுத்துப் போட்டிருந்தால், இதெல்லாம் அவளே நீதிமன்றத்தில் சொன்னதாக ஆகியிருக்கும்.

இப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், சட்டம் அவ்வளவு கண்மூடித்தனமானதில்லை. பிள்ளைகளின் ஜீவனாம்ச உரிமை பிள்ளைகளுடையது, அதைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது. கல்யாணத்தின்போது பெண்ணுக்கு என்று கொடுக்கப்பட்ட நகை அவளுக்கே சொந்தம், கணவன் வீட்டில் இருப்பதாலேயே அது அவர்களுடையதாகிவிடாது என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும், 'பெற்றுக்கொண்டேன்' என்று ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு 'பெறவில்லை' என்று நிரூபிக்க இன்னொரு வழக்கு, இன்னொரு வக்கீல், இன்னும் எத்தனையோ வாய்தா. செலவில்லாத வக்கீல் என்று வந்தவர்தான் அவளுக்கு எல்லாரையும்விடச் செலவு வைத்திருப்பார்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் இருவரும் சேர்ந்து ஒரே மனு போடுவதுதான் முறை. ஆனால், அந்த மனுவை எழுதுகிறவர் ஒருவர் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு எழுதினால் அது ஒரு பக்கத்து மனுதான். ஒரே மனு என்பதற்காக ஒரே வக்கீல்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

மனு ஏன் இங்கிலீஷில் இருக்கிறது?

தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழில் மனு போடலாம், தமிழில் சாட்சி சொல்லலாம், தீர்ப்பும் தமிழில் எழுதலாம். 1956-ம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-ல் செய்த திருத்தம் அதற்கு வழி திறந்தது. உயர் நீதிமன்றத்தில்தான் இன்னும் இங்கிலீஷ். அங்கும் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டப்பேரவை தீர்மானம் போட்டும் அது நடக்கவில்லை.

அப்படியிருந்தும் மாவட்டத் தலைநகரங்களில் மனுக்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் டைப் ஆகின்றன. சட்டப் புத்தகங்கள் இங்கிலீஷ், மேற்கோள் காட்டும் தீர்ப்புகள் இங்கிலீஷ், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் பழைய மனுவும் இங்கிலீஷ். பெயரையும் தேதியையும் மாற்றினால் புது மனு ரெடி. அந்தப் பழைய மனுவில் யாரோ ஒரு பெண் நகையைப் பெற்றுக்கொண்டிருப்பாள். அந்தப் பத்தி அப்படியே இவள் மனுவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எனவே இரண்டு மொழி தெரிந்த வக்கீல் என்று தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால், அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழ் பேசத் தெரியாத வக்கீல் கிடையாது. தேடவேண்டியது, இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் உட்கார்ந்து படித்துக் காட்ட நேரம் ஒதுக்குகிற வக்கீலை. நாம் தமிழில் அழுதுகொண்டே சொன்னதை, கூட்டாமல் குறைக்காமல் மனுவில் கொண்டுவருகிறவரை. இரண்டு மொழி தெரிவது அங்கேதான் சோதனைக்கு வருகிறது.

பெண் என்பதே தகுதி

கடையில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் சொன்னார், "கோர்ட்டுக்குள்ளேயே இலவச சட்ட உதவி ஆபீஸ் இருக்குது, போய்க் கேளு." அவள் நம்பவில்லை. இலவசம் என்றால் ரேஷன் கார்டு கேட்பார்கள், வருமானச் சான்று கேட்பார்கள், தாசில்தார் ஆபீஸுக்கு நடக்கவிடுவார்கள் என்று நினைத்தாள். 'நான் சம்பாதிக்கிறேனே, எனக்குக் கொடுப்பார்களா?' என்றும் சந்தேகம்.

அவள் மாதிரி நினைக்கிறவர்கள் நிறைய. 1987-ம் வருடத்துச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-வது பிரிவு இலவச சட்ட உதவி யாருக்கெல்லாம் என்று பட்டியல் போடுகிறது. அதில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். பெண்ணாக இருந்தால் போதும், வருமான வரம்பு இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. சட்டம் இப்படித் தனியாகக் குறிப்பிடாத ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு.

இந்த உதவி வக்கீலோடு நின்றுவிடுவதில்லை. நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, மனு தயாரிப்பது, உத்தரவின் சான்றிட்ட நகல் பெறுவது, ஆவணங்களை மொழிபெயர்ப்பது வரை அதில் சேர்த்தி. மொழிபெயர்ப்பும் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும், திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவும் இதற்காகவே இருக்கின்றன. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு வழி கேட்கலாம்.

ஒரு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பெயர், முகவரி, என்ன உதவி வேண்டும், அவ்வளவுதான். ஆதார் நகலும் அந்த ஆறு பக்கமும் கூடவே வைத்தாள். அன்றைக்கே எல்லாம் நடந்துவிடவில்லை. இன்னும் இரண்டு தடவை போகவேண்டியிருந்தது, இரண்டு நாள் சம்பளமும் போயிற்று. பிறகு பட்டியலில் இருந்த ஒரு பெண் வக்கீலை நியமித்துக் கொடுத்தார்கள்.

வந்தவருக்கு அவளைவிட வயது குறைவு. முதல் சந்திப்பிலேயே அவர் செய்த காரியம் இதுதான்: அந்த ஆறு பக்கத்தையும் ஒவ்வொரு பத்தியாக இங்கிலீஷில் படித்து, தமிழில் சொல்லி, "இது உண்மையாக்கா?" என்று கேட்டார். உண்மை என்றால் ஓரத்தில் ஒரு டிக். இல்லையென்றால் ஒரு கோடு. முக்கால் மணி நேரம் ஆனது. முடிவில் பதினான்கு பத்தியில் ஐந்துக்குக் கோடு விழுந்திருந்தது.

இலவச வக்கீல் என்றால் எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு அரசு தரும் தொகை சொற்பம், கையில் வழக்குகள் அதிகம். அந்தப் பெண் வக்கீலும் சில நாள் போனை எடுக்கவில்லை. ஒருமுறை திண்டிவனத்தில் காத்திருந்து, அவர் வேறு நீதிமன்றத்தில் மாட்டிக்கொண்டதால் பார்க்காமலே திரும்பினாள். அதற்கெல்லாம் அவள் பழகிக்கொண்டாள். போன் எடுக்கவில்லையா, வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு வரி எழுதிப் போட்டுவிடுவாள். இரவுக்குள் பதில் வந்துவிடும். நியமிக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டாலோ, சரியாகக் கவனிக்காவிட்டாலோ, அதே அலுவலகத்தில் புகார் கொடுத்து வேறு ஒருவரைக் கேட்கலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேவை வரவில்லை.

காசு கொடுத்து வக்கீல் வைப்பவர்களுக்கு

எல்லாரும் இலவச உதவிக்குப் போகவேண்டும் என்பதில்லை. கொடுக்க முடிந்தவர்கள், தெரிந்த வக்கீல் உள்ளவர்கள் அவரிடமே போகலாம். ஆனால், வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்கவேண்டியவை சில உண்டு. கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற பயமே வேண்டாம். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதலாவது, கட்டணம் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? வாய்தாவுக்கு ஐந்நூறு என்பது கேட்கச் சின்னத் தொகை. வழக்கு இரண்டு வருஷம் இழுத்தால் கூட்டிப் பாருங்கள். டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டரி, குமாஸ்தா செலவு அதற்குள்ளா, வெளியிலா என்பதையும் கேட்டு எழுதி வாங்குவது நல்லது. 'ஜீவனாம்சம் வாங்கிக் கொடுத்தால் அதில் இத்தனை சதவிகிதம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன.

இரண்டாவது, எந்த ஊரில் வழக்கு? இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் ஆகியவற்றில் ஒன்றில் போடலாம். 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மனைவி வழக்குப் போட்டால் அவள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். விழுப்புரம் குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்வந்தால் இவளுக்கு ஒரு நாள் சம்பளம் நஷ்டம். கல்யாணம் நடந்ததோ மயிலத்தில். திண்டிவனத்திலேயே போட வழியிருந்ததை முதல் வக்கீல் சொல்லவே இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

மூன்றாவது, விவாகரத்து முடியும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்க இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடம் உண்டு. கணவன், மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தரவேண்டும் என்றும், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடவேண்டும் என்றும் 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் பற்றி வாயே திறக்காத வக்கீலிடம் நாமே வாய் திறக்கவேண்டும்.

நான்காவதுதான் இந்தப் பெண் நமக்குச் சொல்லிக் கொடுப்பது. "நீங்க எழுதினதை எனக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டுவீங்களா சார்?" இந்த ஒரு கேள்விக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தாலே வக்கீலைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

அவனுக்கும் தெரியவில்லை

சட்டப் பணிகள் குழுவிலிருந்து கணவனுக்குக் கடிதம் போனது. பேச்சுவார்த்தைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, முகத்தில் கடுகடுப்பு. 'சம்மதிச்சுட்டு இப்ப பேச்சு மாத்துறா' என்பதுதான் அவன் எண்ணம்.

பெண் வக்கீல் சண்டைக்குப் போகவில்லை. அந்தப் பழைய மனுவின் நான்காவது, ஐந்தாவது பத்திகளைத் தமிழில் படித்தார். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான், "நகையைக் குடுத்துட்டேன்னு நான் எங்க மேடம் சொன்னேன்? அடகுல இருக்குதுன்னு அவருகிட்டயே சொன்னனே. புள்ளைங்களுக்குக் காசு தரமாட்டேன்னும் நான் சொல்லல."

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் அவன். அந்த ஆறு பக்கத்திலும் அவன் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கும் யாரும் படித்துக் காட்டவில்லை. அவன் பக்கம் சாய்ந்த மனு என்று இத்தனை நாள் நினைத்தது, அவனே அறியாத மனுவாக இருந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால், ஏமாற்றத் திட்டம் போட்டான் என்று மனசில் வைத்திருந்த ஒரு பாரம் அன்றைக்கு இறங்கியது என்று அவள் அம்மாவிடம் சொன்னாள்.

அவன் நல்லவனாகிவிட்டான் என்று முடித்தால் அது சினிமா. ஜீவனாம்சத் தொகையில் அவன் ஆயிரம் ஆயிரமாகப் பேரம் பேசினான். வண்டிக்கு டியூ கட்டவேண்டும் என்றான். மூன்று தடவை உட்கார்ந்த பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மாதம் எட்டாயிரம் என்று நின்றது. வீட்டில் இருந்த ஆறு சவரன் அந்த வாரமே வந்தது. மீதி ஆறு சவரனை மீட்டுத் தர அவகாசம் கேட்டான்.

இரண்டாவது கையெழுத்து

புது மனு திண்டிவனம் நீதிமன்றத்தில் தாக்கலானது, தமிழில். ஐந்து பக்கம். என்னென்ன நகை வந்தது, என்னென்ன வரவேண்டும், மாதாமாதம் எந்தத் தேதிக்குள் எந்த வங்கிக் கணக்கில் பணம் போடவேண்டும், பிள்ளைகள் அப்பாவை எந்தெந்த நாளில் பார்ப்பார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. கணவனும் அதைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அதற்கு அரை மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் மனு போட்ட பிறகு ஆறு மாதம் காத்திருக்கவேண்டும் என்பது சட்டம். நீண்டகாலம் பிரிந்திருந்து, எல்லாக் கணக்கும் தீர்ந்தவர்களுக்கு அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'சீக்கிரம் முடிச்சுடலாமே' என்று அந்தச் சொந்தக்காரர் மறுபடியும் வந்தார். வக்கீல் அவளிடம் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். ஆறு மாதம் கழித்து இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொன்னால்தான் தீர்ப்பு. அதுவரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அந்த உரிமைதான் அடகில் இருக்கும் ஆறு சவரனுக்கு ஜாமீன்.

"காத்திருக்கேன் மேடம்" என்றாள்.

இப்போது அந்த ஆறு மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் போனில் இ-கோர்ட்ஸ் ஆப் இருக்கிறது. பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட வழக்கு எண்ணை மகள் அதில் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு மகளிடம் எந்தக் காகிதத்தையும் அவள் படிக்கக் கொடுக்கவில்லை. அடுத்த வாய்தா எப்போது என்று யாரையும் கேட்காமல் தானே பார்த்துக்கொள்கிறாள். மூன்று சவரன் மீட்டாகிவிட்டதாகப் போன வாரம் அவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். அடகுக்கடை ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவள் பதில் போட்டாள். படம் வந்தது. எழுத்து தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினாள். மறுபடியும் எடுத்து அனுப்பினான். தேதி, எடை, தொகை மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டு 'சரி' என்று போட்டாள்.